ஒரு விரல் இடைவெளி

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்
ஆறு ஐம்பத்திரண்டுக்கு.
முதியோர் இல்லத்துச் சமையலறையில்
பாண் அடுப்புக்கு முன்னால் நான் நிற்கவேண்டியது
ஆறு மணிக்கு.
அந்த ஐம்பத்திரண்டு நிமிடக் கடனை
மூன்று வருடமாக நடந்தே அடைத்தேன்.

புர்க்டோர்ஃப் ஸ்டேஷனுக்குப் பின்னால், மழையில்,
சில்வான் என்றொரு மாணவன் சைக்கிள் விற்றான்.
நீலம் என்று எழுதியிருந்தான்.
நேரில் நீலம் பாதி, துரு பாதி.
எண்பதை எழுபது பிராங்காக்கினேன்.
சம்மதித்தவன்
ஒரு ஜாம் போத்தலையும் கையில் திணித்தான்.
ஆணி, வளையம், நட்டு, பெயர் தெரியாத தகடு.
வேண்டாம் என்றேன்.
'இதுவும் சைக்கிள்தான்' என்றான்.

வீட்டு மேட்டில் சங்கிலி மூன்று தரம் கழன்றது.
நாலாம் தரம் இறங்கி உருட்டினேன்.
பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கும் வகை இது,
சங்கிலி போனால் பின் பிரேக்கும் போச்சு.
அதை இறக்கத்தில் அல்லாமல்
ஏற்றத்தில் அறிந்துகொண்டவள் நான்.

சற்குணம் குனிந்து பார்த்தார்.
'சங்கிலி நீண்டுபோச்சு, புதுசு வாங்கு.'
இரவு வேலை. படுத்துவிட்டார்.
புதுச் சங்கிலி இருபத்தெட்டு பிராங்க்.
கண்ணி கழற்றும் கருவி ஒன்பது.
கருவியை வாங்கினேன்.

சனி மத்தியானம், பிள்ளை தமிழ்ப் பள்ளியில்.
நிலவறையில் சலவை மெஷினுக்குப் பக்கத்தில்
சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன்.
சனிக்கிழமைச் சலவைமுறை திருமதி கெர்பருடையது.
வந்தார். பார்த்தார்.
கூடையை வைத்துவிட்டு மேலே போய்
பழைய செய்தித்தாள் ஒரு கட்டோடு இறங்கினார்.
'தரைக்கு' என்றார்.

திருக, திருக,
கருவியின் ஊசி ஆணியைத் தள்ளுகிறது.
முக்கால்வாசியில் நிறுத்து என்று
உறையில் படம் போட்டிருந்தது.
நான் முழுக்கத் தள்ளினேன்.
டிங்.
மெஷினுக்கு அடியில் எங்கேயோ.

ஒரு சோடிக் கண்ணி எடுத்தால் போதும்.
இரண்டு சோடி எடுத்தேன்,
இறுக்கமாய் இருக்கட்டும் என்று.
சங்கிலியைச் சுற்றிக் கொண்டுவந்தால்
முனைகள் தொடவில்லை.
சில்லை முன்னுக்குத் தள்ளினேன்,
இனி இடமில்லை என்னும்வரை.
ஒரு விரல் இடைவெளி.
கதவை மூடிக்கொண்டு நகரும் பஸ்ஸின் பக்கவாட்டில்
தட்டிக்கொண்டே ஓடியவளுக்கு
ஒரு விரல் எவ்வளவு தூரமென்று தெரியும்.

கடை நாலு மணிக்குப் பூட்டியாயிற்று.
நாளை ஞாயிறு.
இந்த நாட்டில் ஞாயிறன்று
ஓர் ஆணிகூட வாங்க முடியாது.

ஜாம் போத்தலை
மரண அறிவித்தல் பக்கத்தில் கவிழ்த்தேன்.
துருவுக்குள்ளே, எண்ணெய்ப் பசையில் ஒட்டியபடி
ஒரு பூட்டுக் கண்ணி:
இரண்டு ஊசிகள், ஒரு தகடு,
மேலே மாட்ட மீன் வடிவில் ஒரு கிளிப்.
வெட்டிய துண்டிலிருந்து ஓர் உட்கண்ணியைத் திருப்பி எடுத்தேன்.
பழைய பூட்டு ஒரு பக்கம், இது மறுபக்கம்.

மீனின் தலை போகும் திசை பார்க்கவேணும், வால் பிந்தவேணும்.
மாறினால் ஓட ஓடக் கழன்றுவிடும்.
தலைகீழாய் நிற்கிற சைக்கிளுக்கு
முன்னே எது, பின்னே எது?
கழுத்தைச் சரித்துப் பார்த்தேன்.
திருமதி கெர்பரும் சரித்துப் பார்த்தார்.
கடைசியில் பெடலைக் கையால் சுற்றி
சங்கிலியிடமே கேட்டுக்கொண்டோம்.

குறட்டுக்கு மீன் மசியவில்லை.
கரண்டிக் காம்பால் அழுத்தினேன்.
டக்.

விடிய முன்னம், ஐந்து இருபதுக்கு,
எம்மே ஆற்றங்கரையோரம்.
லைட் வெளிச்சம் சில்லுக்கு முன்னால் நடுங்கியது.
புது மீன் கொஞ்சம் உயரம்,
பல்லில் ஏறும்போதெல்லாம் ஒரு சின்னச் சத்தம்.
பாலம்வரை எண்ணினேன். பிறகு விட்டுவிட்டேன்.

ஐந்து முப்பத்தெட்டுக்கு இல்லத்து வாசல்.
பூட்டு.
திறப்பு லில்யானாவிடம், அவள் ஆறுக்குத்தான் வருவாள்.
மூன்று வருடத்தில் முதல்தரம்
என்னிடம் இருபத்திரண்டு நிமிடம் மிச்சம்.
நகத்துக்குள் போன கருப்பைக் கிளறினேன்.
யன்னலில் என் தலைக்கவசத்தைப் பார்த்தேன்.
பிறகு சைக்கிளைத் திருப்பி
இன்னொரு தரம்
பாலம்வரை போய் வந்தேன்.